கேள்வி – பதில்: தைலம் தரும் மரங்கள்

கோடையில் கற்பூரமரத்து (யூகலிப்டஸ்) இலையைக் காய்ச்சினால் நிறையத் தைலம் இறங்குகிறது. ஆடியில் அதே எடை இலைக்குக் குறைவாகத்தான் கிடைக்கிறது. மழை எண்ணெயைக் கரைத்துவிடுகிறதா?
– வாசகர், கோத்தகிரி

கரைக்காது. எண்ணெய் இலைத்தோலுக்கு அடியில், மூடிய நுண்பைகளுக்குள் இருக்கிறது. இளம் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரிவது அதுதான்.

முதல் சந்தேகம் தராசின் மேல் வரவேண்டும். காய்ந்த நாளில் 100 கிலோ இலைக்குச் சுமார் 1 கிலோ தைலம் வருகிறது என்று வையுங்கள். நிறுத்த 100 கிலோவில் 20 கிலோ மழைநீர் என்றால் இலை 80 கிலோதான், தைலமும் 800 கிராம்தான். அந்த 20 கிலோ நீரைச் சூடாக்க விறகு வேறு.

அடுத்தது கொழுந்து. மழைக்குத் துளிர்த்த இலையில் நுண்பைகள் இன்னும் நிரம்பியிருக்காது. இந்தத் தைலத்தின் முக்கிய மணப்பொருளான சினியோலின் பங்கும் இலை முற்றிய பிறகே கூடும். மருந்துத் தரத்துக்கு 70 சதவீதம் சினியோல் கேட்பார்கள் என்பதால் கொழுந்தை ஒதுக்கிவிட்டு முற்றிய, வளைந்த அரிவாள் இலையாகப் பாருங்கள்.

ஈர இலையைக் குவித்து வைப்பதுதான் பெரிய தவறு. குவியல் உள்ளே சூடேறிப் புழுங்கி நாறும், அந்த நாற்றம் தைலத்திலும் இறங்கும். கூரைக்கடியில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, புரட்டிவிட்டு, ஒன்றிரண்டு நாள் நிழலில் வாட்டுங்கள். வெயில் வேண்டாம். பாத்திரத்தில் போடும்போது மூலை முடுக்கெல்லாம் சமமாக மிதித்து நிரப்புங்கள். இடைவெளி இருந்தால் ஆவி அந்த வழியே ஓடிவிடும், மற்ற இலை வேகாமலே கிடக்கும். ஆவி குளிர்ந்து இறங்கும் குழாயிலிருந்து விழும் நீர் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். கொட்டகை முழுக்க மணக்கிறதே என்று பெருமைப்படாதீர்கள், அது குளிராமல் பறந்துபோன தைலம்.

சமவெளியில் காகித ஆலைக்காக நடும் தைலமரத்தை நம்பி அடுப்பு மூட்டவேண்டாம். பெயரில் இருக்கும் தைலம் இலையில் அவ்வளவு இல்லை.

சந்தன மரத்துக்கு 8 வயது. கோடையில் வெட்டினால் எண்ணெய் கூடுமா?
– வாசகர், திருப்பத்தூர்

கோடையோ மாரியோ, கட்டைக்கு ஒன்றுதான். சந்தன எண்ணெய் வைரத்தில் (மரத்தின் நடுக்கட்டை) மட்டும் இருக்கிறது, வெளிறில் (அதைச் சுற்றிய வெளிக்கட்டை) இல்லை. வெளிறு வைரமாக மாறும் எல்லையில், உயிரணுக்கள் சாகும் முன் சுரப்பது அது. சுரந்தபின் இலை எண்ணெய்போல் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்காது. ஆகவே பார்க்கவேண்டியது வைரம் பாய்ந்திருக்கிறதா என்பதைத்தான், 8 வயதில் பெரும்பாலும் இருக்காது. நீரும் உரமும் தாராளமாகப் பெற்ற மரம் சீக்கிரம் பருக்கும், ஆனால் அந்தப் பருமன் வெளிறாகவே இருக்கலாம்.

நெஞ்சு உயரத்தில் துளைக்கருவியால் ஒரு குச்சி எடுத்துப் பாருங்கள். நடுப்பகுதி பழுப்பாக, மணமாக இருந்தால் வைரம். துளையை உடனே மெழுகால் அடையுங்கள், இல்லாவிட்டால் அழுகல் புகும். வேரில்தான் எண்ணெய் அதிகம், மேலே போகப்போகக் குறையும். அதனால்தான் வெட்டாமல் வேரோடு பெயர்க்கிறார்கள். வனத்துறை அனுமதி முதலில். காய்ச்சும்போதும் பொறுமை தேவை: சந்தனத் தூள் இரண்டு மூன்று நாள் கொதிக்கவேண்டும். ஒரே நாளில் அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டையைக் குறை சொல்லக்கூடாது.

கறுவா இலை காய்ச்சினோம். நீரின் மேலே எண்ணெயே மிதக்கவில்லை. மழைக்கால இலை என்பதாலா?
– வாசகர், மாத்தறை

அடியில் பார்த்தீர்களா? கறுவா இலைத் தைலத்தில் பெரும்பங்கு யூஜினால் என்ற மணப்பொருள், அது நீரைவிடக் கனம். கற்பூரத் தைலத்துக்கு மேலிருந்து எடுக்கும் பாத்திரம் இதற்கு உதவாது, அடியில் திறப்பு உள்ளதாக வேண்டும். மழைக்கால இலை என்பதைத் தவிர்க்கவும் முடியாது. மழை பெய்து, சிவந்த தளிர் பச்சையாகும் சமயத்தில்தான் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே சாறு ஓடிப் பட்டை உரியும். உரிக்க வெட்டிய தண்டின் இலைதானே உங்களுக்கு வருகிறது? சில நாள் வாடவிட்டுக் காய்ச்சுங்கள். பால்போல் கலங்கி வரும் நீரைக் கொட்டாமல் அடுத்த ஈட்டுக்கு ஊற்றுங்கள், அதில் இன்னும் எண்ணெய் இருக்கிறது.