நடந்து போகிறவர் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: எங்கள் பகுதியில் வேக வரம்பை 50 கி.மீ.யிலிருந்து 30 ஆக்கப் பேச்சு நடக்கிறது. இதில் அப்படி என்ன மிச்சமாகும்?

ப: ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். 50-ல் வரும் கார் அதற்குள் 14 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலையில் நிற்க இன்னொரு 14 மீட்டர் வேண்டும். 30-ல் வந்தால் இரண்டும் சேர்த்தே 13 மீட்டர் சொச்சம்தான். 14 மீட்டர் முன்னால் ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால், 30-ல் வந்தவர் நின்றுவிடுவார். 50-ல் வந்தவர் வேகம் துளியும் குறையாமல் மோதுவார். மழைக்கும் தேய்ந்த டயருக்கும் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். ஆனால் ஒன்று, வேக வரம்புப் பலகை நட்டால் மட்டும் யாரும் மெதுவாகப் போக மாட்டார்கள். பாதையைக் குறுக்க வேண்டும், கடக்கும் இடத்தை மேடாக்க வேண்டும்.

கே: 50-ல் அடிபட்டால் பத்தில் எட்டுப் பேர் சாவார்கள் என்கிறது ஒரு சுவரொட்டி. பத்தில் ஒருவர்கூட இல்லை என்கிறது ஒரு கட்டுரை. எது சரி?

ப: பழைய ஆய்வுகளில் லேசான காயத்தோடு எழுந்து போனவர்கள் சரியாகச் சேரவில்லை, அதனால் சாவு விகிதம் ஊதிப்போனது. ஜெர்மன் விபத்துத் தரவில் இந்தச் சாய்வைச் சரிசெய்து 2009-ல் ரோசேன், சாண்டர் இருவரும் போட்ட கணக்கில் 50-க்கான அபாயம் 10 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஆனால் அது 30-க்கான அபாயத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். சுவரொட்டி எழுதுபவர்கள் இந்த மடங்கைச் சொன்னாலே போதும்.

கே: நாலுவழிச் சாலையில் ஜீப்ரா கோடு போட்ட பிறகும் அடிபடுகிறார்களே?

ப: கோடு மட்டும் போட்டால் அப்படித்தான். நாளுக்கு 12,000 வண்டிக்கு மேல் போகும், நடுத்திட்டு இல்லாத பலவழிச் சாலைகளில், கோடு மட்டும் உள்ள இடத்தில் கோடே இல்லாத இடத்தைவிட விபத்து விகிதம் கூடுதல் என்று அமெரிக்காவில் ஸெகீர் குழுவினர் 2005-ல் காட்டினார்கள். ஓரப் பாதையில் பஸ் நின்று வழிவிடுகிறது. நடப்பவர் நம்பி இறங்குகிறார். பஸ் மறைப்பதால் அடுத்த பாதையில் வரும் வண்டிக்காரருக்கு அவர் தெரிவதில்லை, அவருக்கும் வண்டி தெரிவதில்லை. அதனால் நிறுத்தக் கோட்டை ஜீப்ராவுக்கு 6 முதல் 15 மீட்டர் முன்பே போட வேண்டும். சைக்கிளோ சக்கர நாற்காலியோ நிற்கும்படி 1.8 மீட்டர் அகலமாவது உள்ள நடுத்திட்டு வேண்டும். சிக்னல் இருந்தால் நேரத்தையும் பாருங்கள்: 14 மீட்டர் அகலத்தை விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 விநாடியில் கடப்பார்; 0.9 மீட்டர் நடக்கும் முதியவருக்குப் 16 விநாடி வேண்டும்.

கே: நடை மேம்பாலம் கட்டியும் ஏற மாட்டேன் என்கிறார்களே, சோம்பல்தானே?

ப: இல்லை. மேலே ஏறிப் போக ஒன்றரை மடங்கு நேரம் ஆனால் அநேகமாக யாருமே ஏறுவதில்லை என்று பிரிட்டனில் மூர், ஓல்டர் 1965-லேயே கண்டார்கள். மனிதர்கள் இன்னும் மாறவில்லை.

கே: இந்தியப் போலீஸ் கணக்கில் நடப்பவர் சாவு குறைவாகத் தெரிவது ஏன்?

ப: பதிவில் விடுபடுகிறார்கள். வீடு வீடாகச் சென்று சாவுக் காரணம் கேட்ட ‘பத்து லட்சம் மரணங்கள்’ (Million Death Study) என்ற ஆய்வின்படி, 2005-ல் சாலைச் சாவுகள் 1,83,600. போலீஸ் கணக்கு 1,18,265. அந்த ஆய்வில் நடப்பவர்கள் 37 சதவீதம். உங்கள் ஊர்க் கணக்கைக் கேட்கும்போது, மோதிய வண்டி வாரியான பட்டியலை வாங்கிவிட்டு வராதீர்கள். இறந்தவர் எதில் போனார், நடந்தா போனார் என்று பிரித்த பட்டியலைக் கேளுங்கள்.