வாசகர் கேள்வி – பதில்: வயலில் திணறும் ஹெச்.டி. கேம்

கேள்வி: ஐயா, நண்பர்கள் மூவர் சேர்ந்து, டெல்டா கிராமம் ஒன்றைக் களமாகக் கொண்ட கணினி கேம் ஒன்றை 640×480 அளவில் முடித்தோம். அதை 1920×1080 ஹெச்.டி.க்கு மாற்றியதும், கதிர் விட்ட வயல் வரும் இடத்தில் ஓட்டம் திணறுகிறது; படமும் முன்பைவிட மட்டமாகத் தெரிகிறது. காரணம் என்ன?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பழைய திரையில் இருந்தவை 3,07,200 புள்ளிகள், இப்போது 20,73,600, அதாவது ஏறக்குறைய ஏழு மடங்கு. நொடிக்கு 60 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப் படம்) ஓட வேண்டுமானால், ஒரு பிரேமை வரைய முன்பும் 16.7 மில்லி நொடிதான், இப்போதும் அதேதான். ஆனாலும் வயலில் மட்டும் திணறுவதற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும். நெற்பயிரைப் பெரும்பாலும் ஓரம் ஒளிபுகும் தட்டைப் படங்களாகவே நட்டிருப்பீர்கள். வரப்பில் நின்று பார்க்கும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடுக்குகளாக விழுகின்றன; ஒளிபுகும் பரப்புக்குப் பின்னால் இருப்பதை ஒதுக்க வழியில்லாததால், கிராபிக்ஸ் சிப் ஒரே புள்ளியை அடுக்குக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரைகிறது. வரப்போரத்துக் குத்துகளை மட்டும் உண்மையான வடிவங்களாக வைத்து, தொலைவில் உள்ள பயிரைத் தரையோடு சேர்ந்த படமாக மாற்றிப் பாருங்கள். தூரத்துத் தாள்கள் மினுமினுக்கும் தொல்லையும் அதிலேயே குறையும்.

படம் மட்டமாகத் தெரிவதற்குக் காரணம், பழைய மங்கல் மறைத்திருந்ததை ஹெச்.டி. காட்டிக்கொடுப்பதுதான். முன்பு வரப்புக்கு ஒரு பழுப்புப் பூச்சு போதுமாயிருந்தது. இப்போது வெடிப்பும் அருகம்புல்லும் நண்டு வளையும் கேட்கிறது. 512×512 டெக்ஸ்ச்சரை (பொருளின் மேல் போர்த்தும் படத்தை) 2048×2048 ஆக்கினால், சுருக்காத நிலையில் 1 எம்.பி. 16 எம்.பி. ஆகிவிடும். நினைவகத்தையாவது காசு கொடுத்து வாங்கலாம். அந்த வெடிப்புகளை உட்கார்ந்து வரையும் ஆளுக்கு எங்கே போவது? வீ என்ற கேம் கருவி வரை ஹெச்.டி. பக்கம் வராத ஜப்பானிய கேம் நிறுவனமான நின்டெண்டோ, 2012இல் அடுத்த கருவியான வீ யூ மூலம் அதற்கு மாறியபோது, கூடுதல் ஆட்கள் தேவைப்படுவதை 2013இல் பங்குதாரர்களிடமே சொல்ல நேர்ந்தது. மூவர் குழு 1280×720 அளவில் நிற்பதே என் யோசனை. அது பழையதைப் போல் சரியாக மூன்று மடங்குதான். அதிலும் கதை நடக்கும் வரப்பையும் குளத்துப் படிக்கட்டையும் மட்டும் புதிதாக வரையுங்கள். திரை அகலமாவதால், முன்பு கண்ணில் படாமல் பாதியில் விட்ட கொட்டகை ஏதேனும் ஓரத்தில் எட்டிப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள்.

கேள்வி: ஹெச்.டி.க்கு மாற்றியபின் எங்கள் கேமில் தமிழ் எழுத்துகள் எறும்பு போலச் சிறுத்துவிட்டனவே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: எழுத்தின் உயரத்தைப் புள்ளிக் கணக்கில் நிர்ணயித்திருக்கிறீர்கள். திரை உயரத்தில் இத்தனை பங்கு என்று மாற்றிவிட்டு, மேசை மானிட்டரில் அல்லாமல் கூடத்து டி.வி.யில், நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு, சுழிகள் பிரிந்து தெரிகின்றனவா என்று படித்துப் பாருங்கள்.