இலங்கைத் தேசிய கீதத்தின் தமிழ் வடிவம் அதிகாரபூர்வமானதா, அல்லது வெறும் மொழிபெயர்ப்பா?

அதிகாரபூர்வமானதுதான். 1978 அரசியலமைப்பின் 7ஆம் உறுப்புரை, தேசிய கீதத்தின் சொற்களும் இசையும் மூன்றாம் அட்டவணையில் உள்ளபடி இருக்க வேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் அந்த அட்டவணையைப் புரட்டினால் அங்கே இருப்பது 'ஸ்ரீ லங்கா தாயே' என்ற தமிழ்ப் பாட்டு.

சிங்கள மூலம் 1940இல் ஆனந்த சமரக்கோன் எழுதிய 'நமோ நமோ மாதா'. தாகூரின் சாந்திநிகேதனில் படித்துவிட்டு வந்து காலி நகரிலுள்ள மகிந்த கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது எழுதினார். 1951 நவம்பரில் அரசு அதைத் தேசிய கீதமாக ஏற்றது. தமிழில் ஆக்கித் தந்தவர் வட்டுக்கோட்டையைச் சேர்ந்த பண்டிதர் மு. நல்லதம்பி.

அதை 'வெறும்' மொழிபெயர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே மெட்டுக்குள் சொல் அடங்க வேண்டும், பொருளும் கெடக்கூடாது. இதற்கு மேல் பண்டிதர் மோனையையும் விடவில்லை. நல்லெழில், நலங்கள், நறுஞ்சோலை, நமதுயிரே, நவில் என்று பாட்டின் பெரும்பாலான அடிகள் 'ந'விலேயே தொடங்குகின்றன. பாடசாலைக் காலைக் கூட்டத்தில் தினமும் 'நகு மடி தனையோட்டே' என்று பொருள் தெரியாமலே பாடிக்கொண்டிருந்தேன். பிறகு குறளில் மடியின்மை அதிகாரம் படித்த அன்றுதான், அட, சோம்பலை ஓட்டு என்றல்லவா இத்தனை நாளும் பாடியிருக்கிறோம் என்று உறைத்தது. முடிவுக்கு வரும் 'ஈழ சிரோமணி'யையும் கவனியுங்கள். ஈழம் என்ற பழைய சொல் அரசியலமைப்பிலேயே அச்சாகி இருக்கிறது.

அப்புறம் 1961. 'நமோ நமோ' என்ற தொடக்கம் நாட்டுக்கு ஆகாது, அபசகுனம் என்று சிலர் வாதிட்டதால் முதல் அடி 'ஸ்ரீ லங்கா மாதா' என்று மாற்றப்பட்டது. சமரக்கோன் கடுமையாக எதிர்த்தும் பலனில்லை. அடுத்த ஆண்டே மறைந்தார். சிங்களத்தைப் பின்பற்றித் தமிழிலும் 'ந'வில் தொடங்கிய முதல் அடி 'ஸ்ரீ லங்கா தாயே' என்று மாறியது. பண்டிதரின் மோனை வரிசை தலையிலேயே அறுந்தது அப்படித்தான். அந்த அடியைப் பாடும்போதெல்லாம் எனக்கு இது வருத்தம்தான்.

எழுத்தில் உள்ள இடம் மேடையில் எப்போதும் கிடைக்கவில்லை. 2010 டிசம்பரில் தமிழ் வடிவத்தைக் கைவிடப்போகிறார்கள் என்ற செய்தி பெரும் சர்ச்சையானது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு 2016 பெப்ரவரி 4 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் நடந்த சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடினார்கள். வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த நான் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். பக்கத்தில் அம்மாவும் எழுந்து நின்றார். 2020 விழாவில் மறுபடி சிங்களம் மட்டும். அட்டவணையில் இருக்கும் பாட்டை மேடையில் பாட ஒவ்வொரு ஆண்டும் யாருடைய விருப்பத்துக்காகவோ காத்திருக்க வேண்டியிருப்பது சரியில்லை என்பதே என் எண்ணம்.