துணையில்லாமல் குட்டி போட்ட நத்தை

கேள்வி: செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிற்றாற்றில் எங்கள் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பிடித்த, செம்புள்ளியுள்ள கூர்நுனி நத்தை, போத்தலில் தனியாகவே இருந்து குட்டி போட்டுவிட்டது. எப்படி? ஆற்றில் எத்தனை இருக்கும் என்று கணக்கெடுக்க முடியுமா?
- ஆசிரியை, பீடோர்

பதில்: அடையாளத்தைப் பார்த்தால் மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா. மீன் கடைகளில் 'மலேசியன் டிரம்பெட்' என்பார்கள். பெரும்பாலும் பெண்கள்தாம். ஆண் சேராமலே கரு உண்டாகி, தலைக்குப் பின்னுள்ள பையில் வளர்ந்து, ஓட்டோடு குட்டியாக வெளிவரும். ஆற்றிலேயே கருவுற்று வந்திருக்குமோ என்ற ஐயம் வந்தால், பிறந்த குட்டி ஒன்றைத் தனியே வளர்த்துப் பாருங்கள்; அதுவும் குட்டி போட்டால் ஐயம் தீர்ந்தது. ஒரே நத்தை ஓர் ஓடையையே நிரப்பிவிடும் என்பதால், வளர்த்தவற்றை வேறு ஆற்றில் கொட்டவே கூடாது.

தாராளமாகக் கணக்கெடுக்கலாம். ஆனால் பகலில் இவை பெரும்பாலும் மணலுக்குள் புதைந்திருக்கும். மேலே தெரிவதை மட்டும் எண்ணினால் கணக்கு பொய்த்துவிடும். கம்பியை வளைத்து, பக்கத்துக்கு 25 செ.மீ. உள்ள சதுரச் சட்டம் செய்யுங்கள். சீட்டுப் போட்டுப் பத்து இடங்களைத் தேர்ந்து, நீரோட்டத்துக்கு எதிராக நடந்து சட்டத்தை வையுங்கள். மேல்மணலை 5 செ.மீ. ஆழம் அள்ளி, 1 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் அலசுங்கள். கிடைத்ததை வெள்ளைத் தட்டில் நீர் ஊற்றி வைத்தால் உயிருள்ளது மூடி திறந்து நகரும். வெற்று ஓட்டை ஒதுக்கிவிடலாம். பத்துச் சட்டமும் சேர்ந்து 0.625 சதுர மீட்டர். 125 நத்தை கிடைத்தால், சதுர மீட்டருக்கு 200.

ஒரு சட்டத்தில் ஐம்பது இருக்கும், அடுத்ததில் ஒன்றுமே இருக்காது. இவை கும்பலாக வாழ்பவை. அந்தப் பூஜ்யத்தையும் எழுதுங்கள். விட்டால் சராசரி வீங்கிவிடும்.

சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நீரில் ஓட்டின் நுனி அரித்துப்போய், முதிர்ந்த நத்தையும் சின்னதாகத் தெரியும். அதனால் முழு நீளத்தை விட்டு, ஓட்டு வாயின் உயரத்தை மாதந்தோறும் அளந்து வாருங்கள். எல்லா மாதமும் குட்டிகள் அகப்பட்டால் ஆண்டு முழுக்க இனப்பெருக்கம் நடக்கிறது. அக்டோபர், நவம்பர் மழைக்குப் பின் எண்ணிக்கை சரிந்தால், வெள்ளம் அடித்துப்போயிருக்கலாம். உடனே சாவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பூட்ஸ், கையுறை கட்டாயம். காலில் கையில் காயமுள்ள பிள்ளைகளை இறக்கவே வேண்டாம். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் புண் வழியாகத் தொற்றும்.

கேள்வி: கால்வாய்ச் சுவரில் ரோஸ் நிற முட்டைக்கொத்து. இதே நத்தையா?
- வாசகர், தாப்பா

பதில்: இல்லை, இது மலாயில் சிப்புட் கொண்டாங் எமாஸ் எனப்படும் தங்க ஆப்பிள் நத்தை. இதில் ஆணும் பெண்ணும் தனித்தனி. நீர்மட்டத்துக்கு மேலே இரவில் முட்டையிடும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரியும். முட்டையில் நச்சு உண்டு, வெறுங்கையால் தொடாதீர்கள். சுரண்டி எடுத்து நசுக்குங்கள். நீரில் தள்ளிவிட்டால் முற்றிய முட்டை அங்கேயே பொரித்துவிடலாம்.