விரல் வைக்காமலே ஒலிக்கும் ஆர்மோனியக் கட்டை

உங்கள் பஜனைக் குழுவின் ஆர்மோனியத்தில், துருத்தியை இயக்கியவுடன், கட்டையை அழுத்தாமலே ‘ப’ ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் பித்தளைத் தகடு) காரணமல்ல. கட்டையின் பின்பகுதியில், காற்றுத் துளையை மூட வேண்டிய தோல் ஒட்டிய பாகம் சரியாகப் படியவில்லை. மும்பை மாட்டுங்காவின் ஜூலை மாத ஈரத்தில் மரம் உப்பி, கட்டை பக்கத்துக் கட்டையோடு உரசி, முழுதாகத் திரும்பி வராமல் நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மேல் பலகையைக் கழற்றி, துருத்தியை இயக்கியபடியே அந்தப் பின்பகுதியை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒலி நின்றால் உரசலோ தளர்ந்த ஸ்பிரிங்கோதான் காரணமாக இருக்கும். நிற்காவிட்டால் தோல் இறுகியிருக்கலாம், அடியில் தூசு சிக்கியிருக்கலாம். தூசு என்றால், தோலுக்கும் துளைக்கும் நடுவே மெல்லிய காகிதத்தைச் செருகி இழுத்தாலே பெரும்பாலும் வந்துவிடும்.

உங்கள் பஜனைக் குழு எவ்வளவு அவசரப்படுத்தினாலும், மரத்தை இப்போது உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். தேய்த்தால், மழைக்காலம் முடிந்து மரம் சுருங்கியதும் கட்டை ஆடத் தொடங்கிவிடும். பித்தளை ரீடையும் சுரண்ட வேண்டாம், சுருதி மாறிவிடும்.