பங்குனி ஆமைக்காக இரவில் நடக்க வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

சென்னைக் கடற்கரையில் ஆமை நடைக்கு, அதாவது முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமை என்ற கடலாமையின் கூடுகளைத் தேடிக் காப்பாற்றும் இரவு நடைக்கு, வருவது பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, நான் பி.காம். இரண்டாம் வருடம். உயிரியல் தெரியாமல் வரலாமா? அங்கே என்ன வேலை?

தாராளமாக வரலாம். 1970களில் ரோமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் போன்ற ஊர்வன ஆய்வாளர்கள் தொடங்கி வைத்த வேலை இது. 1988லிருந்து மாணவர்கள் பொறுப்பேற்று நடத்துகிறார்கள். முக்கியமான பாதை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஏறக்குறைய 7 கிலோமீட்டர். ஜனவரியில் தொடங்கி முட்டையிடும் பருவம் முழுக்க இரவு நடை.

தேட வேண்டியது ஆமையை அல்ல, தடத்தை. அலையோரத்திலிருந்து மேலே ஏறிய தடம் ஒன்று, இறங்கிப் போன தடம் ஒன்று, நடுவே மணல் கலைந்த திட்டு ஒன்று இருக்கும். அந்தத் திட்டில் ஒரு குச்சியை மெதுவாக அழுத்திப் பார்ப்போம். சுற்றிலும் இறுகி நிற்கும் மணல், ஓரிடத்தில் மட்டும் சட்டென்று இளகி உள்ளே விடும். குச்சியை அதோடு நிறுத்திவிட வேண்டும், ஆழமாகக் குத்தினால் முட்டை உடையும். பிறகு கையால்தான் தோண்டுவோம். ஒன்றரை அடி ஆழத்துக்குள், வாய் குறுகி அடி அகன்ற குழியில், பிங்பாங் பந்து போல நூறு, நூற்றிருபது முட்டைகள். எண்ணி, குழியின் ஆழமும் அகலமும் அளந்து, துணிப்பையில் எடுத்துக்கொண்டு போய், முட்டைகளைக் காவலில் வைத்துப் பொரிக்க விடும் இடமான பொரிப்பகத்தில் அதே அளவில் குழி தோண்டிப் புதைப்போம். 45 முதல் 55 நாளில் குஞ்சு வெளிவரும். எண்ணவும் எழுதவும் தெரிந்த யாரும் இதில் உதவலாம். பல இரவுகளில் ஒரு தடம்கூட இருக்காது. அந்த இரவுகளிலும் நடக்கிறவர்கள்தான் எங்களுக்கு வேண்டும்.

டார்ச் அடிக்காதீர்கள். கரையேறும் ஆமை வெளிச்சம் பார்த்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

இந்த ஞாயிறு குழந்தைகளோடு வந்தால் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கலாமா?

குஞ்சுகள் எப்போது வெளிவரும் என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. வந்தால் பார்க்கலாம், தொடக் கூடாது.

கோவையில் இருக்கிறேன். எனக்குக் கடல் இல்லையே?

குளங்கள் இருக்கின்றனவே. ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், அதில் சேருங்கள்.

முட்டையைத் தோண்டி இடம் மாற்றுவதே தவறு அல்லவா? ஒடிசாவில் இருந்த இடத்திலேயே விட்டுக் காவல் காக்கிறார்கள். விலங்கியல் முதுகலை மாணவன்.

நல்ல கேள்வி தம்பி. ருஷிகுல்யா, கஹிர்மாதாவில் ஆமைகள் கூட்டமாக ஏறி லட்சக்கணக்கில் முட்டையிடுகின்றன. நாயும் நரியும் தின்றது போகவும் மிஞ்சும். இங்கே தனித்தனியாக, எங்கோ ஒரு கூடு. காலையில் பார்த்தால் நாய் தோண்டிப் போட்ட ஓடுதான் கிடக்கும். தப்பித்துப் பொரிந்த குஞ்சுக்கும் தொல்லை தீராது. வெளிச்சமான தொடுவானத்தை நோக்கிப் போவது அதன் இயல்பு. இருட்டான கரையில் அந்த வெளிச்சம் கடல் பக்கம் இருக்கும், இங்கே தெருவிளக்குப் பக்கம் இருக்கிறது. நேராகச் சாலைக்குப் போய்விடும்.

அதே மாணவர்: சரி, ஆனால் ஆணா பெண்ணா என்பதை மண்ணின் வெப்பம் அல்லவா முடிவு செய்கிறது? வெயிலில் கிடக்கும் பொரிப்பகத்திலிருந்து பெண்கள் மட்டுமே வந்தால்?

இதில் நீங்கள் சொல்வது சரி. சுமார் 29, 30 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண், கீழே வர வர ஆண். அதனால்தான் கூட்டுக்குள் வெப்பமானி வைப்பதும், வெயில் ஏறியதும் நிழல் கட்டுவதும் அவசியம். நெருக்கமாகப் புதைக்கவும் கூடாது. இன்னொரு ஆபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு புரட்டினால் கரு செத்துவிடும். நல்லெண்ணத்தோடு யாராவது விடிந்த பிறகு தோண்டி எடுத்து வருவது எவ்வளவு கெடுதல் என்று புரியும்.

இடையில் இன்னொருவர்: அப்படியானால் பொரிப்பகத்தையே மூடிவிட்டு விளக்குகளை அணைக்கச் சொல்லிப் போராடலாமே?

இரண்டையும் செய்ய வேண்டும். பொரிப்பகம் என்பது கரை கெட்டுப்போனதால் வந்த ஏற்பாடு. கரை இருட்டானால் அது தேவையே இல்லை, கூட்டை இருந்த இடத்திலேயே விடலாம். நான் ஆசைப்படுவதும் அதைத்தான். ஆனால் விளக்கு அணையும்வரை இந்த வருடத்து முட்டைகளை நாய்க்கு விட்டுவைக்க என் மனம் ஒப்பாது. கடலைப் பார்த்த வீடு வைத்திருப்பவர்கள் இந்த மூன்று மாதம் மொட்டைமாடி விளக்கை அணைத்தாலே பெரிய உதவி.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா? போட்டோ எடுக்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன். ஃபிளாஷ் போட்டு எடுக்கக் கூடாது.

ஒரு குஞ்சை வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம்.

ஊரூர் குப்பத்திலிருந்து எழுதுகிறேன். ஆமை செத்தால் எல்லாரும் மீனவனைத்தான் சொல்கிறீர்கள். எங்கள் பைபர் படகு என்ன செய்தது?

அண்ணே, எல்லாரையும் ஒன்றாகச் சேர்ப்பது அநியாயம். ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவை மடியில் (விசைப்படகு இழுத்துப் போகும் பெரிய வலை) மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கினவே, அப்போதும் பேச்சு இழுவை வலை பற்றித்தான். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு மடி இழுக்கக் கூடாது என்பது விதி. மடியிலிருந்து ஆமை வெளியேற வழிவிடும் கருவியும் இருக்கிறது. இரண்டையும் நடைமுறைப்படுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது, அதற்குள் முட்டையிடும் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடும். தடத்தை எங்களுக்கு முன்னால் பார்த்துச் சொல்பவர்கள் பல நாள் உங்கள் குப்பத்து ஆட்கள்தான். அதையும் எழுதி வைக்கிறோம்.

குழந்தைகளோடு...

ஐயா, மேலே பாருங்கள்.

காலை நடையில் செத்த ஆமையைப் பார்த்தால் என்ன செய்வது?

வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதற்கு முன் இடத்தைக் குறித்து, பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம் எடுங்கள். டேப் இருந்தால் ஓட்டின் நீளத்தை வளைவோடு சேர்த்து அளங்கள். வால் ஓட்டைத் தாண்டி நன்றாக நீண்டிருந்தால் ஆண். ஓட்டில் பெயிண்ட் குறி இருந்தால் ஏற்கெனவே யாரோ கணக்கில் சேர்த்துவிட்டார்கள், மறுபடி எண்ண வேண்டாம்.