முரசு இறங்கினால் லேசர் ஏற்றுமா?

பல் கூச்சத்துக்கு லேசர் அடிப்பது பற்றித் திருகோணமலையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, பல் டொக்டரான நான் எழுதும் பதில்கள் இவை.

உப்புவெளி, ஹோட்டல் ஊழியர்: குளிர்தண்ணி பட்டாலே கீழ்ப்பல் விண்ணென்று தெறிக்கிறது. முரசு (ஈறு) இறங்கி வேர் தெரிகிறது. லேசர் அடித்தால் முரசு பழையபடி ஏறுமா, டொக்டர்?

ஏறாது தம்பி. லேசர் கூச்சத்தைக் குறைக்கலாம், போன முரசைக் கொண்டுவராது. அதற்கு மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டும் சத்திரசிகிச்சை இருக்கிறது. எல்லோருக்கும் அது தேவையும் இல்லை.

பல்லின் தலைப்பாகத்துக்கு எனாமல் காவல். வேருக்கு அது கிடையாது, மேலிருக்கும் மெல்லிய படையும் பிரஷ் தேய்ப்பிலேயே போய்விடும். அடியிலுள்ள டென்டின் என்ற பல்லின் உட்படையில் ஏராளமான நுண்குழாய்கள், அவற்றுக்குள் நீர். குளிரோ காற்றோ பட்டதும் அந்த நீர் அசைந்து உள்ளே இருக்கும் நரம்பைச் சுண்டுகிறது. 1960களில் சுவீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ரோம் ஆய்வுகள் செய்து நிலைநிறுத்திய விளக்கம் இது. வலுக்குறைந்த டயோட் லேசர் நரம்பின் துடிப்பைத் தணிக்கப் பார்க்கும். நியோடிமியம் யாக் போன்ற வலுவான லேசர் குழாய்களின் வாயை உருக்கி அடைக்கப் பார்க்கும். ஒரு கிளினிக்கில் "லேசர் இருக்கிறது" என்று சொன்னால், இதில் எது என்று கேளுங்கள்.

மூதூர், கடை வைத்திருப்பவர்: காசு செலவழித்துச் செய்யலாமா? பற்பசையே போதுமா?

முதலில் பற்பசை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2021ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு, லேசர் கூச்சத்தைக் குறைக்கக்கூடும் என்கிறது. ஆனால் ஆதாரத்தின் உறுதி குறைவு என்றும் சேர்த்தே சொல்கிறது. கூச்சத்தைப் பொறுத்தவரை, கருவியைப் போடாமல் சும்மா பிடித்தாலும் "குறைந்திருக்கு" என்று சொல்கிறவர்கள் உண்டு. எடுத்த எடுப்பில் லேசருக்கு ஓட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

பாமசியில் பொட்டாசியம் நைத்திரேற்று 5% உள்ள கூச்சப் பற்பசை வாங்குங்கள். இரண்டு வேளையும் அதிலேயே தேய்த்துவிட்டு, இரவில் கொஞ்சம் விரலில் எடுத்துக் கூசும் இடத்தில் பூசுங்கள். துப்பலாம், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். நாலு வாரமாவது பாருங்கள். மூன்றாம் நாளே "சரிவரேல்லை" என்று டியூப்பை மூலையில் போடுவதுதான் வழக்கமாக நடப்பது. அதற்கும் அடங்காவிட்டால் புளோரைட் வார்னிஷ் பூசலாம், பள்ளம் விழுந்திருந்தால் அடைக்கலாம். லேசர் அதற்கும் பிறகு.

கிண்ணியா, ஆசிரியை: உம்மாவுக்கு இரவில் பல் தானாக வலித்து நித்திரை இல்லை. லேசர் செய்யலாமா?

வேண்டாம் டீச்சர், அது கூச்சமே இல்லை. கூச்சம் என்றால் குளிர் பட்டதும் சுரீர் என்று வந்து, சில விநாடியில் ஓய்ந்துவிடும். தானாக வருகிற வலி, சூடு பட்டு நிமிடக்கணக்கில் நிற்கிற வலி, இரண்டும் உள்ளே நரம்பு அழற்சி கண்டதற்கான அறிகுறி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வேர்ச்சிகிச்சையா, பிடுங்குவதா என்று தெரியும். கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற ஒருவர்: உமிக்கரியில்தான் எப்போதும் பல் தேய்ப்பது. சொத்தை ஒன்றும் இல்லை, கூச்சம் மட்டும். வெற்றிலையும் போடுவேன்.

ஐயா, கண்ணாடி முன்னால் நின்று உதட்டைத் தூக்கி, வேட்டைப் பல்லும் அதற்குப் பின்னாலுள்ள பற்களும் முரசைத் தொடும் இடத்தில் நகத்தை வைத்துப் பாருங்கள். வெட்டுப்போல ஒரு பள்ளத்தில் நகம் சிக்கும். வலக்கையால் தேய்ப்பவருக்கு இடப்பக்கம் ஆழம் கூட இருப்பதை அடிக்கடி காண்கிறோம். உமிக்கரியும் முரட்டுத் தேய்ப்பும் சேர்ந்து அறுத்த பள்ளம் அது. அதை அறுத்துக்கொண்டே லேசர் அடித்தால் காசுதான் கரையும். உமிக்கரியை விடுங்கள், மெதுவான பிரஷ் வாங்குங்கள்.

வெற்றிலை பற்றி இன்னொன்று. வாயில் வெள்ளைப் படையோ ஆறாத புண்ணோ இருந்தால், கூச்சத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் அதைக் காட்டுங்கள். பாக்கு புற்றுநோய் வரவைக்கும் என்பது உறுதியானது.

நகரம், பல்கலைக்கழக மாணவி: காரை (பல்லில் இறுகிய அழுக்குப் படிவு) எடுத்த பிறகுதான் எனக்குக் கூசத் தொடங்கியது. சுத்தம் செய்ததால் முரசு இறங்கிவிட்டதா?

இதற்காகவே பலர் காரை எடுக்கப் பயப்படுகிறார்கள். வேரை மூடியிருந்தது காரை. வீங்கியிருந்த முரசு வற்றியதும் வேர் வெளியே தெரிகிறது. காரையை விட்டுவைத்தால் அடியில் எலும்பு கரைந்து, பல் ஆடத் தொடங்கும். காரை எடுத்த கூச்சம் பெரும்பாலும் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களில் அடங்கும் தங்கச்சி. வெயிலுக்குத் தேசிக்காய்த் தண்ணி குடித்தால் ஸ்ட்ரோவில் குடியுங்கள், குடித்த கையோடு பிரஷ் பண்ணாதீர்கள். புளிப்பில் ஊறிய டென்டின் சீக்கிரம் தேயும்.

நிலாவெளி, ஒரு தாய்: லேசர் கண்ணுக்குக் கேடா?

நேரே பட்டால் கேடுதான். டொக்டர், உதவியாளர், நீங்கள் மூவரும் அதற்கென்றுள்ள கண்ணாடி போட வேண்டும். கண்ணாடி தராத இடத்தில் வாய் திறக்காதீர்கள்.

அதே தாய்: செய்த அன்றே ஐஸ்கிரீம் சாப்பிடலாமா?

வலுக்குறைந்த லேசர் மட்டும் என்றால் சாப்பிடலாம். வார்னிஷும் பூசியிருந்தால் அன்று சூடானது, கடிப்பதற்குக் கடினமானது வேண்டாம். பிரஷ் மறுநாள் காலை.